ஊதுகருவி வாசிப்போருக்கு வரும் வலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட், ஃப்ளூட், ஓபோ, சாக்ஸபோன் ஊதும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், வார இறுதியில் கர்நாடகப் புல்லாங்குழல் கற்கும் பெரியவர்கள், கோயில்களில் நாதஸ்வரம் வாசிக்கும் வித்வான்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். நான் கிளாரினெட் வாசிப்பவள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவள். மருத்துவர் இல்லை. அதனால் காயம் எப்படி வருகிறது, எப்படித் தவிர்ப்பது, எப்போது மருத்துவரிடம் போவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாசித்தால் கொஞ்சம் வலிக்கத்தானே செய்யும்? எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது?

களைப்பு வேறு, வலி வேறு. ஒரு மணி நேரம் ஊதியபின் உதடு தளர்வதும் தோள் கனப்பதும் களைப்பு. கருவியை வைத்துவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் அது போய்விடும். வாசிக்கும்போதே தொடங்கி, நிறுத்திய பிறகும் விடாமல், மறுநாள் காலையில் பல் துலக்கும்போதும் தெரிகிற வலி அப்படிப்பட்டதில்லை. வலியே இல்லாமலும் அறிகுறிகள் வரலாம். விரல் மரத்துப்போகும், சுருக்கென்று குத்தும், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகக் கையில் வலு இருக்காது, ராத்திரியில் கை உளைந்து தூக்கம் கலையும். இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் எளிமையான ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: நீங்கள் வழக்கமாக வாசிக்கும் தரத்தில் உங்களை வாசிக்கவிடாமல் செய்கிற எந்த வலியும் பலவீனமும் மரப்பும் கவனிக்க வேண்டியவை.

இது திறமைக் குறைவால் வருவதில்லை. 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 48 ஆர்கெஸ்ட்ராக்களைச் சேர்ந்த 2,212 கலைஞர்களிடம் கேட்டபோது, வாசிப்பைக் கடுமையாகப் பாதித்த உடல் பிரச்சினை ஒன்றாவது தங்களுக்கு இருந்ததாக 76 விழுக்காட்டினர் சொன்னார்கள். எல்லாக் கருவிக்காரர்களும் அதில் அடக்கம். தொழிலாகவே வாசிப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், “சரியாகப் பயிற்சி செய்யாததால்தான் வலிக்கிறது” என்று பிள்ளையிடம் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

கிளாரினெட் என்ன, ஒரு கிலோகூட இல்லையே. அதைப் பிடிப்பதில் எப்படிக் காயம் வரும்?

எடை குறைவுதான். சாதாரண கிளாரினெட் ஏறத்தாழ 800 கிராம். ஆனால் அந்த 800 கிராமும் வலது கட்டைவிரலின் ஒரு பக்கத்தில் வந்து உட்கார்கிறது. ஒரு சின்ன அரிசிப் பையைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கையை அசைக்காமல் அரை மணி நேரம் நின்று பாருங்கள், புரியும். சுமையைத் தூக்கிவிட்டு உடனே இறக்கினால் தசைக்கு ஒன்றும் ஆவதில்லை. அசையாமல் தாங்கிக்கொண்டே இருக்கும்போதுதான் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைந்து அது சீக்கிரம் சோர்கிறது. அதே நேரத்தில் மற்ற விரல்கள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் நுழைந்து போகின்றன. அங்கே ஏற்படும் உரசலும் வீக்கமும்தான் டி கெர்வைன் என்று மருத்துவர்கள் சொல்வது. பல ஆண்டுகள் இப்படியே போனால் கட்டைவிரலின் அடிமூட்டும் தேயலாம்.

ஓபோவுக்கும் இதே கதைதான், அங்கேயும் வலது கட்டைவிரல்தான் தாங்குகிறது. ஃப்ளூட் அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும், ஆனால் இரண்டு கைகளையும் ஒரே பக்கமாகத் தூக்கிப் பிடிக்கவேண்டும்.

என் மகள் உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கையாக கிளாரினெட் எடுத்திருக்கிறாள். மூன்று மாதத்தில் வலது கட்டைவிரல் வலிக்கிறது என்கிறாள். என்ன செய்யலாம்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவளை வாசிக்கவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள். பள்ளிக் கருவிகளில் கட்டைவிரல் தாங்கி பெரும்பாலும் பெரிய கைக்கு ஏற்ற இடத்தில், கொஞ்சம் கீழே இருக்கும். சின்னக் கை அதை எட்டிப் பிடிக்கும்போது கட்டைவிரல் பின்பக்கமாக வளையும், மணிக்கட்டு மடங்கும், சுண்டுவிரல் விறைத்துக்கொண்டு நிற்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் தாங்கியின் இடம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கையை உடம்போடு தொங்கவிட்டு உதறிவிடச் சொல்லுங்கள். விரல்கள் தாமாகவே லேசாக வளைந்து நிற்கும். அந்த வளைவு கலையாமல் முழங்கையை மட்டும் மடக்கிக் கையை மேலே கொண்டுவரச் சொல்லி, கருவியை நீங்கள் எடுத்து அந்தக் கைக்குள் வையுங்கள். அப்போது கட்டைவிரல் எங்கே படுகிறது என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அது ஆட்காட்டி விரலுக்கு நேராக, தாங்கி இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும். தாங்கி நகர்த்தக்கூடிய வகை என்றால் திருகைத் தளர்த்தி அங்கே ஏற்றிவிடலாம். நகராத வகை என்றால் கருவி பழுதுபார்க்கும் கடையில் மாற்றித் தருவார்கள். பள்ளியின் கருவி என்றால் ஆசிரியரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

அடுத்தது, தாங்கி கட்டைவிரலில் எங்கே படுகிறது என்பது. நகத்தின் அடிப்பகுதிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவே படுவது பலருக்குச் சௌகரியம். மூட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் மற்ற விரல்கள் ஓட்டைகளை மூட வளைய முடியாமல் தட்டையாகிவிடும். வெறும் உலோகம் தோலில் அழுத்தினால் சின்ன ரப்பர் உறை ஒன்றைப் போட்டுவிடுங்கள், விலை அதிகமில்லை.

இதற்கெல்லாம் மேலாக நான் சிபாரிசு செய்வது கழுத்துப் பட்டை. கிளாரினெட்டுக்குப் பட்டையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள், அது ஏதோ தெரியாதவர்கள் போட்டுக்கொள்வது என்பதுபோல. வளரும் பிள்ளையின் கட்டைவிரலில் இருந்து சுமையில் ஒரு பகுதியை எடுத்துவிடும் ஒரு பொருளைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இழுபடும் தன்மையுள்ள பட்டையாக வாங்குங்கள். பட்டை மாட்டும் வளையம் பல கருவிகளின் தாங்கியிலேயே இருக்கும், இல்லாவிட்டால் தோல் கொக்கி கிடைக்கும். உட்கார்ந்து தனியாகப் பயிற்சி செய்யும்போது கருவியின் மணிபோல் விரிந்த அடிப்பகுதியை இரு முழங்கால்களுக்கு நடுவே லேசாக நிறுத்திக்கொள்வதிலும் தப்பில்லை, முதுகு கூனாமல் இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பள்ளி இசைக்குழுக்கள் வாசிக்கும் சிங்கப்பூர் இளையர் விழா நெருங்கினால் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பயிற்சி நடக்கிறது. அது அதிகமா?

எத்தனை மணி நேரம் என்பதைவிட எவ்வளவு திடீரென்று கூடியது என்பதுதான் ஆபத்து. வாரத்துக்கு நான்கு மணி நேரம் வாசித்துவந்த பிள்ளை மார்ச் மாதத்தில் ஒரே மூச்சில் பன்னிரண்டு மணி நேரத்துக்குத் தாவினால், எவ்வளவு நல்ல பிடியாக இருந்தாலும் கை தாங்காது. விடுமுறையில் கருவியைத் தொடாமல் இருந்துவிட்டு நேரே ஜூன் இசை முகாமுக்குப் போவதும் இதே வகைதான். புதுக் கருவிக்கு மாறுவது, புது ஆசிரியர் பிடியை மாற்றுவது, கடினமான புதுப் பாடம் தொடங்குவது, இவையும் சுமையை ஏற்றுகின்றன. இவற்றில் இரண்டு ஒரே மாதத்தில் வந்தால் பயிற்சி நேரத்தைக் கூட்டாதீர்கள், முடிந்தால் குறையுங்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 25 அல்லது 30 நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடமாவது ஓய்வு. ஓய்வு என்றால் கருவி கையைவிட்டு இறங்கவேண்டும். மடியில் கருவியைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியைத் தேய்ப்பது கட்டைவிரலுக்கு ஓய்வாகாது, அதே விரல்தான் அங்கேயும் உழைக்கிறது. வாரத்துக்கு வாரம் நேரத்தைப் பத்து, அதிகம் போனால் இருபது விழுக்காடு கூட்டலாம். ஜனவரியிலேயே மெல்ல ஏற்றிக்கொண்டு வந்தால் மார்ச்சில் மலைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பாடலில் கஷ்டமான எட்டு அடியை நாற்பது முறை ஊதித்தான் பழகவேண்டும் என்பதில்லை. பென்சிலைப் பிடித்து விரலோட்டம் பார்க்கலாம், சுரத்தை வாயால் சொல்லலாம், பதிவைக் கேட்டுக்கொண்டே தாளில் குறித்துக்கொள்ளலாம். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார்.

ஃப்ளூட் வாசித்தால் கழுத்தும் தோளும் ஏன் பிடித்துக்கொள்கின்றன?

உடம்பு முழுக்க ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. கைகள் வலப்பக்கம், பார்வை நோட்டுத் தாங்கியின் பக்கம், கழுத்து இரண்டுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு. இசைக்குழுவில் நாற்காலிகளை நெருக்கமாகப் போட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்காமல் இருக்க வலது முழங்கையைப் பின்னால் இழுத்துத் தோளைத் தூக்கிக்கொள்கிறார்கள். நாற்காலியை மட்டும் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தாங்கியைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலே பாதி முறுக்கு அவிழ்ந்துவிடும். கருவி முகத்துக்கு வரவேண்டும், முகம் கருவியைத் தேடி முன்னால் போகக்கூடாது. கை எட்டாத சிறு பிள்ளைகளுக்கு வளைந்த தலைப்பகுதி உள்ள ஃப்ளூட் உண்டு. தொடக்கப்பள்ளி வயதில் அதையே கேளுங்கள்.

இடது ஆட்காட்டி விரலின் அடியில் கருவி அழுத்துகிற இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். அந்த ஓரத்தில் ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அங்கே மரப்பு தொடங்கினால் மெத்தென்ற சின்ன உறை ஒன்றைக் கருவியில் மாட்டிக்கொள்ளுங்கள், இடது மணிக்கட்டு அளவுக்கு மீறிப் பின்னால் மடங்குகிறதா என்றும் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் முழங்கையை வெகுநேரம் மடக்கி வைத்ததால் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

கர்நாடகப் புல்லாங்குழலுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும். தரையில் உட்கார்ந்து வாசிப்பதால் கூடுதலாக இரண்டு விஷயங்கள் சொல்கிறேன். சம்மணம் போட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூனும், கூனிய முதுகில் மூச்சு முழுதாக இறங்காது. முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி மடித்த துணியையோ தட்டையான தலையணையையோ கீழே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கற்கத் தொடங்குபவர்கள் முழங்கால் வலித்தால் தயங்காமல் நாற்காலியில் உட்காருங்கள். இசைக்கு அதனால் குறையொன்றும் வராது.

அடுத்தது, குழலின் நீளம். சுருதி இறங்க இறங்கக் குழல் நீண்டு துளைகளின் இடைவெளி கூடும். குருவின் குழல் நாதத்தில் மயங்கி அதே சுருதிக் குழலை வாங்கிவிடுகிறார்கள், விரல் எட்டுவதில்லை. துளைகளை விரல் நுனியால் எட்டிப் பிடிக்காமல், விரலைச் சற்று நீட்டி சதைப்பகுதியால் இறுக்கமில்லாமல் மூட முடிகிற குழலே உங்கள் குழல். கை விரிந்து பழகியபின் பெரிய குழலுக்குப் போகலாம்.

என் அப்பா கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறார். திருவிழா முடிந்தால் தாடை, கழுத்து, பிடரி எல்லாம் வலி. இந்த வயதில் அவர் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

நம் ஊரில் ஊதுகருவிக் காயம் என்று பேச்சு வந்தால் பள்ளி இசைக்குழுவோடு நின்றுவிடுகிறது. இங்கே மிகக் கடினமாக உழைக்கிற ஊதுகருவிக் கலைஞர்கள் கோயில் வித்வான்கள்தான். காலை பூஜை, மாலை பூஜை, நடுவில் கல்யாணம். தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி சமயங்களில் பல மணி நேரம் நின்றுகொண்டே வாசிக்கிறார்கள். கும்பாபிஷேகம் என்றால் அதற்குப் பிறகு மண்டலாபிஷேகம் 48 நாளும் உண்டு. அவர்கள் வலியைப் பற்றி வாய் திறப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

நாதஸ்வரம் ஓபோவைப்போல இரட்டை நாக்குக் கருவி. அந்த நாக்கான சீவாளியின் இடுக்கு மிகச் சிறியது, அதன் வழியே காற்றைத் தள்ள வாய்க்குள் பெரிய அழுத்தம் வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தத்தைக் கன்னம், தாடை, தொண்டை, வயிறு எல்லாம் சேர்ந்து தாங்குகின்றன. இரண்டரை அடி நீளக் கருவி முன்னால் தொங்குகிறது, பின்பக்கத்தில் கட்டைவிரல்கள் இரண்டும் தாங்குகின்றன. களைத்துப்போனால் தலை கருவியை நோக்கி முன்னால் போகும். பிடரி வலிக்கு முக்கியக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா செய்யக்கூடியவை சில. சீவாளி கடினமாக இருந்தால் தாடை கூடுதலாகக் கடிக்கும். நன்றாகப் பதப்பட்ட, கொஞ்சம் இளகிய சீவாளிகளாகத் திருவிழாவுக்கு முன்பே பொறுக்கி வைத்துக்கொள்வது வித்வான்களுக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் ஏர்கான் மண்டபத்தில் சீவாளி உலர்ந்து விறைப்பதையும் வெளிப்பிரகாரத்தின் ஈரத்தில் ஊறிப்போவதையும் இங்கே சேர்த்துக் கணக்கில் வைக்கவேண்டும். இரண்டு நாதஸ்வரம் இருந்தால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் உண்மையாகவே கருவியை இறக்கி, தாடையைத் தளரவிட்டு, தோளைப் பின்னுக்கு உருட்டிவிடலாம். நிற்கும்போது ஒரு காலிலேயே சாயாமல் இரண்டு காலிலும் எடையைப் பகிரவேண்டும். வெறுங்காலில் கல்தரையில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்கு இடுப்பு வலி இதனாலும் வருகிறது. வாசிக்காத இடத்தில் ஒரு பாய் விரித்துக்கொடுத்து உட்காரச் சொல்வது கோயில் நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை.

கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். பலமாக ஊதும் கருவிகளை வாசிக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் தற்காலிகமாக உயர்கிறது என்று ஓபோ, டிரம்பெட் வாசிப்பவர்களிடம் கண்டிருக்கிறார்கள். நாதஸ்வரமும் அந்த வகைக் கருவிதான். குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தாலோ, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பரிசோதிப்பவரிடம் “நான் நாதஸ்வரம் வாசிப்பவன்” என்று சொல்வது முக்கியம். தொடை இடுக்கிலோ தொப்புள் பக்கத்திலோ ஊதும்போது புடைப்பு தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். ஊதும்போது மூக்கு வழியே காற்று புஸ்ஸென்று போகிறது என்றால் மேலண்ணத்தின் மென்மையான பகுதி களைத்து, சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு வாசிப்பதை நிறுத்துங்கள். அடிக்கடி நடந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்து வாசிக்கும் வித்வான்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மருத்துவச் செலவு பொதுவாக வேலைக்கு எடுத்தவரின் பொறுப்பு. வலியை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சாக்ஸபோன் பட்டை கழுத்தை அறுக்கிறது. ஹார்னஸ் வாங்கலாமா?

வாங்குங்கள். ஆல்ட்டோ ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, டெனர் மூன்றரை வரை போகும், பாரிட்டோன் ஐந்துக்கும் மேல். இதை ஒற்றைப் பட்டையில் கழுத்தெலும்பின் மேல் தொங்கவிடுவதில் எந்த நன்மையும் இல்லை. இரு தோளிலும் எடையைப் பிரிக்கும் ஹார்னஸ் நல்லது. பெண் பிள்ளைகளுக்கு நெஞ்சில் அழுத்தாத வடிவம் தனியாகக் கிடைக்கும். பட்டையின் நீளத்தை, நேராக நிமிர்ந்திருக்கும்போது ஊதுவாய் தானாக உதட்டுக்கு வரும்படி வையுங்கள். கத்ரி கோபால்நாத் போல கர்நாடக சங்கீதத்தை சாக்ஸில் வாசிக்க ஆசைப்பட்டுத் தரையில் உட்காருபவர்களுக்கும் இதே விதிதான்: கருவியைப் பட்டையே சுமக்கட்டும், வலது கட்டைவிரல் அதைத் திசை திருப்ப மட்டும்.

காது விஷயத்தில் எவ்வளவு கவனம் தேவை?

கைக்காயம் பெரும்பாலும் ஆறும். காதின் நுண்ணிய செல்கள் செத்தால் திரும்ப வராது. அதனால் என்னைக் கேட்டால் காதுதான் முதல்.

சிங்கப்பூரின் வேலையிட இரைச்சல் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி. கூரை தாழ்ந்த பயிற்சி அறையில் முழு இசைக்குழுவும் சேர்ந்து ஊதினாலோ, நாதஸ்வரக்காரரின் பக்கத்தில் தவில் முழங்கினாலோ 91ஐத் தாண்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பிக்கலோ, ஃப்ளூட் வாசிப்பவர்களுக்கு வலது காதில் தங்கள் கருவியின் ஒலியே கூடுதலாக விழும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காது அடைப்பான்கள் மேல் ஸ்தாயியை அதிகமாக அமுக்கி எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று 9, 15, 25 டெசிபெல் குறைக்கும் வடிகட்டி வைத்த அடைப்பான்கள் உண்டு. ஊதுகருவிக்காரர்களுக்கு இதில் ஒரு தொல்லை: ரீடின் (ஊதுவாயில் அதிரும் நாக்கின்) அதிர்வு பல், தாடை வழியாக ஏறி, அடைத்த காதுக்குள் கடகடவென்று கேட்கும். காதின் அளவுக்கு வார்த்து ஆழமாகப் பொருந்தும் வகையில் அந்தத் தொல்லை குறைவு. விலை கூடத்தான், தொழிலாக வாசிப்பவர்களுக்கு அது வீண் செலவில்லை. பயிற்சி முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால் அன்று ஒலி மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த இரைச்சல் மறுநாளும் இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மகனுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறோம். கிளாரினெட்டை விட்டுவிடவேண்டுமா?

விடவேண்டாம். கம்பியின் மேல் பல் மருத்துவர் தரும் மெழுகை ஒட்டிக்கொண்டு, முதல் இரண்டு மூன்று வாரம் பத்துப் பத்து நிமிடமாக வாசிக்கட்டும். ஓசை கொஞ்சம் கெடும், திரும்பி வரும். கம்பி இறுக்கும் நாள்களை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், நிகழ்ச்சிக்கு முந்தின வாரத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம். கம்பி இல்லாதவர்களுக்கும் கீழ்ப்பல் கூர்மையால் உதட்டின் உள்பக்கம் புண்ணாவது உண்டு. ஊதுவாயை மேலும் இறுக்கிக் கடித்துச் சமாளிப்பது தாடை மூட்டில் போய் முடியும். கெட்டி ரீடுக்குச் சீக்கிரம் மாறுவது ஒரு தகுதிபோலப் பேசப்படுகிறது. ரீடின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண் யாருக்கும் பட்டம் இல்லை, உதடு தாங்கும் எண் எதுவோ அதுவே சரியான எண். வாயைச் சுற்றியோ மோவாயிலோ தடிப்பும் அரிப்பும் வந்தால் ஃப்ளூட்டின் உதட்டுத் தகட்டில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கலாமா?

கோடாலித் தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, உதட்டிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் அது காயத்தை ஆற்றுவதில்லை. வாசிப்பதற்காக வலி மாத்திரை போடுவதை நான் முழுதாக எதிர்க்கிறேன். எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்கிற ஒரே குரலை நாமே அடைத்துவிட்டு, அதன் மேல் இரண்டு மணி நேரம் வாசிப்பது அது. மணிக்கட்டு உறையைத் தானாக வாங்கி மாட்டிக்கொண்டு வாசிப்பதும் அப்படித்தான், வேலை வேறு மூட்டுக்கு மாறும்.

யாரிடம் போய்க் காட்டுவது?

பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசு மருத்துவமனையின் நிபுணரிடம் கட்டணச் சலுகை கிடைக்கும். கைப் பிரச்சினை என்றால் கை சிகிச்சை தெரிந்த தெரபிஸ்டிடம் அனுப்பமுடியுமா என்று கேளுங்கள். கருவியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். “மணிக்கட்டு வலிக்கிறது” என்று வாயால் சொல்வதைவிட ஒரு நிமிடம் பிடித்துக் காட்டினால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். எப்போதிலிருந்து, வாரத்துக்கு எவ்வளவு நேரம், எந்தப் பகுதியை வாசித்தால் அதிகம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஓய்வு என்றதும் ஒரு மாதம் தொடாமலிருந்துவிட்டு, வலி போனதும் பழையபடி ஒரு மணி நேரம் வாசிப்பார்கள். திரும்ப வலி வரும். திரும்புவது படிப்படியாக இருக்கவேண்டும். சிகிச்சையாளர் சரி என்றபின் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை, மெதுவான சுரங்கள் மட்டும். அடுத்த நாள் தொந்தரவு இல்லை என்றால் ஓரிரு நிமிடம் கூட்டலாம். வேகமான பாடம் கடைசியில்தான் வரும்.

வலி எதுவும் இல்லை. ஆனால் ஒரு விரல் மட்டும் வாசிக்கும்போது தானாக மடங்கிக்கொள்கிறது. இது என்ன?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு எந்த வேலையிலும் ஒழுங்காக இருக்கும் விரலோ உதடோ, வாசிக்கும்போது மட்டும் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அது டிஸ்டோனியாவாக இருக்கலாம். மூளை அசைவுகளைக் கட்டுப்படுத்தும் விதத்தில் ஏற்படும் கோளாறு இது. அமெரிக்காவின் சிகாகோ சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் 1995 முதல் முதன்மை ஓபோ வாசித்த அலெக்ஸ் கிளைன், இடது கையில் வந்த டிஸ்டோனியாவால் 2004இல் அந்தப் பதவியை விட்டார். பிறகு தன் வாசிப்பையே மாற்றியமைத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். அதே பகுதியை இன்னும் வேகமாக, இன்னும் அதிகம் வாசித்துச் சரிசெய்யப் பார்ப்பதுதான் இதில் மிகக் கெட்ட வழி. நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள்.

புகைமூட்டம், வெயில், ஏர்கான்: இவற்றுக்கு ஏதாவது?

புகைமூட்ட நாளில் ஆழமாக மூச்சிழுக்கும் பயிற்சியை வெளியில் செய்யவேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை உள்ளேயும் குறைத்துக்கொள்ளட்டும். தேசிய தின அணிவகுப்புப் பயிற்சி போன்ற வெயில் நிகழ்ச்சிகளுக்கு முன்பே தண்ணீர் குடித்திருக்கவேண்டும், தாகம் வந்தபின் இல்லை. குளிர்ந்த அறையில் விரலைச் சூடேற்றாமல் வேகமான பாடத்தில் இறங்காதீர்கள். நம் ஈரப்பதத்தில் கருவிக்குள் பூஞ்சை எளிதில் பிடிக்கும், அதைத்தான் மறுநாள் மூச்சோடு இழுக்கிறோம். வாசித்து முடித்ததும் உள்ளே துடைத்து, உலரவிட்டுப் பெட்டியை மூடுங்கள். ரீடையும் சீவாளியையும் யாரோடும் பகிரவேண்டாம்.

வலிக்கிறது என்று சொன்னால் இசைக்குழுவில் இடம் போய்விடும் என்று என் பிள்ளை பயப்படுகிறான். ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

இந்தப் பயத்தால்தான் இரண்டு வாரத்தில் ஆறவேண்டிய காயம் இரண்டு பருவம் இழுக்கிறது. பிள்ளை தனியாகப் போய்ச் சொல்லவேண்டும் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே பயிற்றுவிப்பாளருக்கும் பொறுப்பாசிரியருக்கும் எழுதுங்கள். “கை வலிக்கிறது, விட்டுவிடுங்கள்” என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. “வலது கட்டைவிரலில் வலி. அடுத்த மூன்று வாரம் அரை மணி நேரம் வாசித்தபின் கருவியை இறக்கிவைக்க அனுமதி வேண்டும். மற்ற நேரத்தில் அவன் குழுவோடு உட்கார்ந்து விரலோட்டம் பார்ப்பான், தாளில் குறிப்பெடுப்பான்” என்று குறிப்பாக எழுதுங்கள். மருத்துவரின் கடிதம் இருந்தால் இணைத்துவிடுங்கள்.

பயிற்றுவிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி தொடங்குமுன் “இன்றைக்கு யாருக்காவது கையோ உதடோ வலிக்கிறதா?” என்று எல்லாரையும் பொதுவாகக் கேளுங்கள். கை தூக்கிய பிள்ளையை வரிசையை விட்டு எழுப்பாமல், அதே இடத்தில் உட்கார்ந்து கேட்க விடுங்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் தைரியமாகக் கை தூக்குவார்கள்.